நூற்றுக்குத் தொண்ணூற்றேழு

மகள் தனுஷாவின் இதயம் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு வாங்கியிருக்கிறது என்று தெரிந்த அன்று, தெய்வசிகாமணி வடக்கனந்தலில் தன் தெரு முழுக்க லட்டு கொடுத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்தக் குடும்பத்தில் யாரும் எதிலும் எழுபதைத் தாண்டியது கிடையாது. அவர் ஐந்தாம் வகுப்போடு ஏர் பிடிக்கப் போனவர். மனைவி அமிர்தம் ஏழாவதில் நின்றவள். தனுஷா ஒருத்திதான் கல்லூரி வரை எட்டிப் பார்த்து, அங்கே நடந்த இலவச மரபணு முகாமில் வரிசையில் நின்று, ஒரு குழாயில் எச்சில் துப்பிக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

முடிவு தபாலில் வந்தது. பதினாலு பக்கம், அத்தனையும் இங்கிலீஷ். நாலாம் பக்கத்தில் ஒரு இதயத்தின் படம், அதற்குக் கீழே சிவப்பு நிறத்தில் 97/100. சிவப்பு மையில் வாத்தியார்தானே மார்க் போடுவார்? தெய்வசிகாமணி சைக்கிளை எடுத்துக்கொண்டு லட்டுக் கடைக்குப் போய்விட்டார். கோமுகி அணைக் கரையில் ஓடப் போயிருந்த தனுஷா வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தபோது, எதிர்வீட்டுக்காரர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

காகிதத்தை வாங்கிப் படித்தவள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பா, இது மார்க் இல்லப்பா."

"பின்ன இன்னா?"

"இது ஜாஸ்தியா இருந்தா கெட்டதுப்பா."

கொடுத்த லட்டைத் திரும்பக் கேட்க முடியுமா? மறுநாள் மிச்சமிருந்த நாலு லட்டுகளோடு அப்பாவும் மகளும் கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறினார்கள். முகாம் நடத்திய ஆராய்ச்சி மையம் பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், மூன்று மாடிக் கட்டடத்தில் இருந்தது. கீழ்த்தளத்தில் கணிப்புப் பிரிவு. ஏசி, மெத்தை வைத்த நாற்காலி, சுவரில் மீன்தொட்டி. அங்கே இளஞ்செழியன் என்ற வாலிபர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். லட்டை மறுக்காமல் வாங்கி வாயில் போட்டுக்கொண்டு விளக்கினார்.

"உங்க பொண்ணோட மரபணுல ஒரு இடத்துல ஒரு மாற்றம் இருக்குதுங்க. அந்த மாற்றம் இதயத் தசையைக் கெடுக்கற வகைன்னு கம்ப்யூட்டர் கணிக்குது. ஓடறப்போ நின்னுபோவக்கூட வாய்ப்பு இருக்கு."

"எது நின்னுபோவும்?"

இளஞ்செழியன் தன் மார்பைத் தொட்டுக் காட்டினார். தெய்வசிகாமணி மீன்தொட்டியைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"உங்க கம்ப்யூட்டர் எம்பொண்ணப் பாத்துச்சுங்களா?"

"பாக்கத் தேவையில்லைங்க. இதுக்கு முன்னாடி லட்சக்கணக்குல மாற்றத்தப் பாத்திருக்கு. அதுல இருந்து சொல்லுது. ஒரு நொடிதான்."

இரண்டாம் மாடியில் ஆய்வுக்கூடம். லிஃப்ட் கிடையாது. நாற்பத்திரண்டு படி. அங்கே ஏசி ஆளுக்கு இல்லை, பெட்டிகளுக்கு மட்டும்தான். நிர்மலா என்ற பெண், வெள்ளை அங்கியும் தூக்கிக் கட்டிய கொண்டையுமாக, கீழ்த்தளத்தின் பேச்சை எடுத்தாலே முகம் கடுக்கிறவள்.

"கணிப்பு கணிப்புதாங்க. செஞ்சு பாத்தாதான் தெரியும். பாப்பாவோட ரத்தத்துல இருந்து செல் எடுத்து, அத இதய செல்லா மாத்தி, ஒரு தட்டுல வளர்க்கணும். அது சரியாத் துடிக்குதா, மருந்து குடுத்து வேகமா துடிக்க வச்சா தாங்குதான்னு பாக்கணும்."

"எத்தினி நாளாவும்?"

"ஆறு மாசம்."

கீழே ஒரு நொடி, மேலே ஆறு மாசம். இரண்டுக்கும் நடுவில் நாற்பத்திரண்டு படி.

தனுஷா போலீஸ் எழுத்துத் தேர்வில் தேறியிருந்தாள். உடல்தகுதித் தேர்வு இன்னும் ஏழு மாதத்தில். நானூறு மீட்டர் ஓட வேண்டும். அதற்குத்தான் ஒன்றரை வருஷமாக விடியலில் எழுந்து அணைக்கரையில் ஓடிக்கொண்டிருந்தாள். அந்தக் காக்கிச் சட்டையைத் தவிர அவளுக்கு வேறு ஆசை கிடையாது. இதய டாக்டர் ஒருவர் படமெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, இப்போதைக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் ஆய்வுக்கூட முடிவு வரும்வரை ஓட்டம் வேண்டாம் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். நியாயமான பேச்சு. ஆனால் அந்தச் சீட்டு வடக்கனந்தலுக்கு வந்து சேர்ந்ததும் அதற்குக் கை கால் முளைத்துவிட்டது.

ஓட்டம் வேண்டாம் என்றார் டாக்டர். அப்படியானால் வேக நடை எதற்கு என்றாள் அமிர்தம். வேகமாக நடக்கிறவளுக்குத்தானே ஓடத் தோன்றும், நடையே வேண்டாம் என்றார் தெய்வசிகாமணி. பத்தாம் நாள், தனுஷாவின் கால் தரையில் படக் கூடாது என்று முடிவாயிற்று. தனுஷா கத்திப் பார்த்தாள். கட்டிலை விட்டு இறங்கி வாசல் வரை போனாள். அமிர்தம் நடுத்தெருவில் மல்லாக்கப் படுத்துக்கொண்டு, "என்னத் தாண்டிக்கினு போடி" என்றாள். பின்னால் வந்த டிராக்டர்காரன் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு எஞ்சினை அணைத்தான். அப்புறம் தனுஷா திரும்பிப் போய்க் கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள்.

அன்றிலிருந்து அவளைத் தூக்கிச் சுமந்தவர் தெய்வசிகாமணி. ஐம்பத்தாறு வயது. மரவள்ளி மூட்டையை முதுகில் ஏற்றி லாரி வரை நடந்து பழகிய ஆள். மகள் ஐம்பத்தைந்து கிலோ, மூட்டையைவிடக் கம்மி. குளிக்கத் தூக்கிப் போவார். பஸ்ஸில் ஏற்றுவார், இறக்குவார். மாதத்துக்கு ஒருமுறை இதயத் துடிப்பைப் படம் எடுக்க மையத்துக்கு வர வேண்டியிருந்ததால், நாற்பத்திரண்டு படியும் அவளைச் சுமந்தே ஏறுவார். தனுஷா அவர் முதுகில் இருந்தபடியே பொது அறிவுப் புத்தகம் படிப்பாள். அலுத்துப்போனால் அவர் முதுகிலேயே காதை வைத்துப் படுத்துக்கொள்வாள். ஒருநாள் பஸ்ஸில் யாரோ, "பொண்ணுக்கு கால்ல இன்னாங்க?" என்று விசாரித்தார்கள். "காலு நல்லா இருக்குதுங்க, கம்ப்யூட்டர்லதான் கோளாறு" என்று அவள் பதில் சொன்னாள்.

நாலாம் மாதம் தட்டில் இதய செல்கள் துடிக்க ஆரம்பித்தன. நிர்மலா போனில் சொன்னதும் அமிர்தமும் கிளம்பி வந்துவிட்டாள். நுண்ணோக்கியில் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தாள். வெளிறிய திட்டு ஒன்று சுருங்கியது, விரிந்தது, சுருங்கியது.

"ஏங்க, துடிக்குதுங்க!" என்று கத்தியவள், குரலைத் தணித்துக்கொண்டு நிர்மலாவிடம், "இதுக்கு இன்னா சாப்பாடு குடுக்கறீங்க?" என்றாள்.

நிர்மலா ரோஸ் நிறத் திரவத்தைக் காட்டினாள்.

"தெனம் இதேவா? வாய்க்கு ருசியா ஒண்ணும் இல்லியா?"

"இதுக்கு வாய் இல்லைங்கம்மா."

"வாயில்லாத புள்ளதான் ஏமாந்து போவும்" என்று அமிர்தம் பெருமூச்சு விட்டாள். பக்கத்துப் பெஞ்சில் வாயோடு உட்கார்ந்திருந்த தனுஷாவை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தட்டுக்குத் திருஷ்டிப் பொட்டு வைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். கடைசியில் தட்டு இருந்த சூட்டுப்பெட்டியின் கதவில் மையை வைக்க நிர்மலா ஒத்துக்கொண்டாள். அதன்பிறகு வீட்டில் எந்த நல்லது கெட்டதும் தட்டைக் கேட்டுத்தான் நடந்தது. மழை பெய்தால் அதற்குக் குளிருமே என்பாள் அமிர்தம். தனுஷா தும்மினால் அங்கே தட்டுக்கு என்ன ஆயிற்றோ என்று நிர்மலாவுக்குப் போன் போகும்.

வேகமாகத் துடிக்க வைக்கும் மருந்தைத் தட்டில் ஊற்ற வேண்டிய வாரம் வந்தது. தேர்வுக்கு இருபத்தொன்பது நாள் இருந்தது. ஊற்றுகிற நாளன்று தனுஷாவைக் கட்டிலில் படுக்க வைத்து நெற்றியில் ஈரத்துணி போட்டு, அங்கே தட்டு ஓடும்போது இங்கே இவளுக்கு மூச்சு வாங்கக் கூடாது என்று ஆளுக்கொரு பக்கம் விசிறிக்கொண்டு காத்திருந்தார்கள். போன் வந்தது. தெய்வசிகாமணி எடுத்தார். நிர்மலாவின் குரல் உடைந்திருந்தது.

"மன்னிச்சிடுங்க ஐயா. காலைல கரண்ட் போச்சு. ஜெனரேட்டரும் ஓடல. எல்லாம் செத்துப்போச்சுங்க."

தெய்வசிகாமணி போனைக் கீழே போட்டுவிட்டு, "போயிடுச்சே அமிர்தம்!" என்று தலையில் அடித்துக்கொண்டார். அமிர்தம் போட்ட ஓலத்தில் தெரு கூடிவிட்டது. ஐந்து பெண்கள் வந்து கட்டிக்கொண்டு அழுதார்கள். அவர்களில் இரண்டு பேர் எதற்கும் தனுஷாவையும் கட்டிக்கொண்டு அழுதார்கள். சேதி எந்த வாயில் எப்படித் திரும்பியதோ, சாயங்காலத்துக்குள் கல்வராயன் மலைக்கே ஏறிவிட்டது. மறுநாள் காலை வெள்ளிமலையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, தெய்வசிகாமணியின் நெடுநாள் கூட்டாளி வேடியப்பன் ஆளுயர மாலையோடு வந்து இறங்கினார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர், கட்டிலில் காப்பி குடித்துக்கொண்டிருந்த தனுஷாவைப் பார்த்து அப்படியே நின்றார்.

"வாங்க சித்தப்பா. மாலை எனக்குங்களா?"

வேடியப்பன் மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். ஆளுயர மாலையை எந்த முதுகு மறைக்கும்?

கொண்டுவந்த மாலையைத் திருப்பி எடுத்துப் போகக் கூடாது என்றாள் அமிர்தம். "செத்தது யாரோ அதுக்குத்தான் போடணும்" என்று அவளே தீர்ப்பும் சொன்னாள். வேடியப்பனும் சேர்ந்து நாலு பேருமாகக் கள்ளக்குறிச்சி போய், அந்தச் சூட்டுப்பெட்டிக்கு மாலை போட்டார்கள். மை வைத்த கதவில் சாமந்தி தொங்கியது. நிர்மலா தடுக்கவில்லை. ஞாயிறு, பொங்கல் என்று பாராமல் ஆறு மாதம் தினம் வந்து உணவு மாற்றியவள் அவள். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதாள். அதைப் பார்த்ததும் தெய்வசிகாமணிக்கு முதல் முறையாக அந்தப் பெண்மீது பாசம் வந்தது.

"மறுபடி ஆரம்பிக்கலாங்க. புதுசா ரத்தம் வேணும். ஞாயித்துக்கெழம நானே வந்து எடுத்துக்கறேன்" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"மறுபடி ஆறு மாசமா?" என்றாள் தனுஷா. அப்பாவின் முதுகில் படி இறங்கும்போது அவள் புத்தகத்தைத் திறக்கவில்லை. அவர் சட்டை தோள்பட்டையில் நனைந்தது. அது வேர்வை இல்லை என்று அவருக்குத் தெரியும். தன் கையாலாகாத்தனத்தை நினைத்து அவருக்கே அவர்மேல் எரிச்சலாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை நிர்மலா ஐஸ் பெட்டியோடு வடக்கனந்தலுக்கு வந்தபோது வீடு பூட்டியிருந்தது. வேடியப்பன் ஊர் மலைக்கோயிலில் வேண்டிக்கொள்ளக் குடும்பமே போய்விட்டது என்றார்கள். நிர்மலா விடுகிற ஆள் இல்லை. அவளும் பஸ் ஏறினாள். வெள்ளிமலை தாண்டி இறங்கிய இடத்திலிருந்து கோயிலுக்கு ஒற்றையடிப் பாதை, செங்குத்தாக இரண்டு கிலோமீட்டர். அரைக் கிலோமீட்டரில் முன்னால் போய்க்கொண்டிருந்தவர்களைப் பிடித்துவிட்டாள். அதற்குப் பிறகு அவர்கள்தான் அவளுக்காக நிற்க வேண்டியிருந்தது. முப்பத்திரண்டு வயது நிர்மலா ஐந்து இடத்தில் உட்கார்ந்தாள். அமிர்தம் ஏழு இடத்தில். தெய்வசிகாமணி முதுகில் மகளோடு, அதற்குமேல் நிர்மலாவின் ஐஸ் பெட்டியையும் வாங்கிக் கையில் மாட்டிக்கொண்டு, மரவள்ளி விலையைப் பற்றி வேடியப்பனிடம் பேசிக்கொண்டே ஏறினார்.

மேலே வந்ததும் நிர்மலா கோயில் மேடையில் சரிந்து, தெய்வசிகாமணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் பார்த்தாள். அவருக்குக் கூச்சமாகிவிட்டது.

"இன்னாம்மா அப்பிடிப் பாக்கற?"

"உங்களுக்கு மூச்சே வாங்கலீங்களே."

"இதுக்கு எதுக்கு மூச்சு வாங்கணும்?"

"ஐயா, பாப்பாவுக்கு இருக்கற மாற்றம் ஆகாசத்துல இருந்து வந்திருக்காதுங்க. பெரும்பாலும் அப்பா இல்லன்னா அம்மாகிட்ட இருந்துதான் வரும். யாருகிட்ட இருந்து வந்துச்சுன்னு யாராச்சும் பாத்தாங்களா?"

கீழ்த்தளம் கேட்கவில்லை, ஏனென்றால் கம்ப்யூட்டருக்கு அது தேவைப்படவில்லை. மேல்தளம் கேட்கவில்லை, ஏனென்றால் தட்டே கதி என்று கிடந்தது. ஆறு மாதமாக மாதம் தவறாமல் ஒரு மனுஷன் மகளைச் சுமந்துகொண்டு கண் முன்னால் ஏறி இறங்கியிருக்கிறார், அவர் கையில் ஒரு ஊசி போடலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நிர்மலா தன் நெற்றியில் தானே அறைந்துகொண்டாள். அங்கேயே, சாமி கும்பிடுவதற்கு முன்னாலேயே, தெய்வசிகாமணி, அமிர்தம் இருவர் கையிலும் ரத்தம் எடுத்தாள். உளுந்தூர்பேட்டையில் இருந்த தெய்வசிகாமணியின் அக்காவையும் விடவில்லை. அறுபத்து மூன்று வயதில் அந்தம்மாள் இன்னும் களை எடுக்கப் போய்க்கொண்டிருந்தாள்.

மரபணுவில் அந்த ஒரே ஒரு இடத்தைப் பார்க்க ஐந்து நாள் போதுமாயிருந்தது. அடுத்த வாரமே இதய டாக்டர் அக்கா, தம்பி இருவரையும் படம் எடுத்து, டிரெட்மில்லில் ஏற்றியும் பார்த்தார். அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தாள். தம்பி, எப்போது நிறுத்துவீர்கள் என்று இரண்டு தடவை கேட்டார்.

தேர்வுக்குப் பத்து நாள் இருக்கையில் இரண்டாம் மாடிக்கு எல்லாரையும் கூப்பிட்டாள் நிர்மலா. வழக்கம்போல் தெய்வசிகாமணி மகளைச் சுமந்து ஏறி, பெஞ்சில் உட்கார வைத்தார்.

"உங்களுக்கும் அதே மாற்றம் இருக்குதுங்க ஐயா. உங்க அக்காவுக்கும் இருக்கு. ரெண்டு பேர் இதயமும் நல்லா இருக்கு. மறுபடியும் தட்டு வளர்ப்பேன், அது என் வேலை. ஆனா நீங்களே ஒரு தட்டுதாங்க, அம்பத்தாறு வருஷமா கரண்ட் கட்டே இல்லாம ஓடிக்கினு இருக்கற தட்டு. டாக்டரும் எல்லாத்தையும் பாத்துட்டு, பாப்பா ஓடலாம்னு கையெழுத்துப் போட்டுட்டார்."

தனுஷா அந்தச் சீட்டை வாங்கி இரண்டு முறை படித்தாள். தெய்வசிகாமணிக்கு எதை முதலில் பிடித்துக்கொள்வது என்று தெரியவில்லை. சிரிக்கப் போனார். அதற்குள் படியில் தடதடவென்று சத்தம். இளஞ்செழியன் ஓடி வந்தார். கையில் புதுக் காகிதம், அதில் சிவப்பாக 97/100.

"சார்! உங்க பேரும் இப்பத்தான் கம்ப்யூட்டர்ல ஏத்துனேன். நீங்க படி ஏறவே கூடாது சார்!"

இதைச் சொல்லிவிட்டு அவரே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். நாற்பத்திரண்டு படியை அவர் ஏறியது அதுதான் முதல் தடவை. நிர்மலா அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

டாக்டர் சீட்டு கருப்பு மையில் இருந்தது, இது சிவப்பில் இருந்தது. அமிர்தத்துக்கு அது போதும். தரையில் உட்கார்ந்து வழியை மறித்துக் காலை நீட்டிக்கொண்டாள்.

"ரெண்டு பேரும் தரையில கால் வைக்கக் கூடாது. வெச்சா நான் இங்கியே உயிர வுட்டுடுவேன்."

"அப்ப எப்பிடிம்மா வூட்டுக்குப் போறது?" என்று தெய்வசிகாமணி கேட்டார். நல்ல கேள்விதான். அமிர்தம் அதுவரை யோசித்திருக்கவில்லை.

தனுஷா எழுந்தாள். பொது அறிவுப் புத்தகத்தை அம்மாவின் மடியில் வைத்தாள். அப்பாவுக்கு முதுகைக் காட்டிக் குந்தினாள்.

"ஏறுப்பா."

"சும்மா இரு பாப்பா."

"ஏறுன்னு சொல்றேன் இல்ல."

ஏன் ஏறினார் என்று அவருக்கே விளங்கவில்லை. சின்ன வயதில் அவள் ஏறியது மாதிரியே கழுத்தைக் கட்டிக்கொண்டார். அவள் ஒரு மூச்சு இழுத்து எழுந்து நின்றாள். ஆறு மாதம் சும்மா கிடந்த கால்கள் நடுங்கின, அப்புறம் நிலைத்தன. அம்மாவின் நீட்டிய காலைத் தாண்டினாள். நாற்பத்திரண்டு படியையும் இறங்கினாள். மீன்தொட்டியைக் கடந்து தெருவுக்கு வந்தாள். ஷேர் ஆட்டோக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். பின்னால் அமிர்தம் இருவர் செருப்பையும் கையில் எடுத்துக்கொண்டு, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"எறக்கி வுடும்மா. எல்லாம் பாக்கறாங்க."

"பஸ் ஸ்டாண்டு நானூறு மீட்டராவது இருக்கும்ப்பா. இரு."

அவள் மூச்சு சீராகத்தான் இருந்தது. அவருக்குத்தான் நெஞ்சு படபடவென்று அடித்தது.

"இன்னாப்பா, இப்பிடி அடிச்சுக்குது?"

"பயமா இருக்குதும்மா."

"ஆறு மாசமா உன் முதுகுல காத வெச்சிக்கினு இதத்தான் கேட்டுக்கினு வந்தேன். நல்ல நெஞ்சுப்பா இது. எனக்கும் இதேதான் இருக்குது" என்றாள் தனுஷா. சொல்லிவிட்டு நடையை எட்டிப் போட ஆரம்பித்தாள்.